கோல் விழுவதற்கு முன்னால் பாட்டு எதற்கு?

உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் பாட்டும் ஹாக்கியும்தான் என் வாயில் முதலில் வரும். எது முதலிடம் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. இந்திய அணி தோற்ற வாரத்தில் பாட்டு முதலிடத்துக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட ஆளுக்கு இரண்டும் ஒரே இடத்தில், ஒரே டிக்கெட்டில் கிடைத்தால் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த ஒரு மாலை முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதை ஏற்க மனம் வரவில்லை. வயதுதான் காரணம் என்றால் இருபது வயதுப் பையன்கள் ஓடுவதைப் பார்க்க நான் ஏன் வெயிலில் போய் உட்காரப் போகிறேன்?

எந்தப் போட்டி, எந்த மைதானம் என்பதெல்லாம் வேண்டாம். இப்போது அநேகமாக எங்கே போனாலும் இதே கதைதான். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கிறான், கிரிக்கெட்டைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவன். மைதானத்தைச் சுற்றி ஆள் உயர ஸ்பீக்கர்கள். பந்து கோட்டைத் தாண்டினால் ஒரு பாட்டு, யாராவது அடிபட்டு உட்கார்ந்தால் ஒரு பாட்டு, நடுவர் அட்டை எடுத்தால் இன்னொன்று. நல்ல பாட்டுகள்தான், அதையும் சொல்லியாக வேண்டும். பாதிக்கு மேல் என் போனிலேயே இருப்பவை. பெனால்டி கார்னர் (தடுக்கும் அணி கோலுக்கு அருகே தப்புச் செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) என்று நடுவர் கையைக் காட்டியதும் சத்தம் இன்னும் ஏறியது. பந்தைத் தள்ளிவிடப் போகிறவர் குனிந்து ஸ்டிக்கைப் பந்தோடு ஒட்டிவைக்கும் வரைக்கும் ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டே இருந்தது. எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று எனக்கு. பக்கத்தில் பையன் நாற்காலி மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா இப்படி? ஆட்டத்தைப் பாருடா" என்றேன்.

"ஆட்டம் எங்க மாமா நடக்குது? எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. பாட்டும் இல்லேன்னா இந்த கேப்ல என்ன பண்றதாம்?"

அந்த இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவன் குதர்க்கமாகக் கேட்கவில்லை. அவன் கண்ணுக்கு அது உண்மையிலேயே வெறும் இடைவெளி.

அந்த 40 விநாடி

சர்வதேசப் போட்டிகளில் பெனால்டி கார்னர் கொடுத்ததும் கடிகாரத்தை நிறுத்தி 40 விநாடி தருகிறார்கள். பையன் 'சும்மா நிக்கிறாங்க' என்று சொன்ன நேரம் அதுதான். என்னைக் கேட்டால் ஒரு ஹாக்கி ஆட்டத்தில் கண்ணை எடுக்கவே கூடாத நேரமும் அதுதான்.

தடுக்கும் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், மற்ற அத்தனை பேரும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கோல்கீப்பர் போக மற்ற நான்கு பேரும் அவசர அவசரமாக முகக்கவசம் மாட்டுவார்கள், முழங்காலுக்குப் பட்டை கட்டுவார்கள். அவர்களில் ஒருவர்தான் முதலில் ஓடப் போகிறவர். வேகமாக வரும் பந்தின் பாதைக்கு நேர் எதிரே, உடம்பைக் கொடுத்து ஓடும் வேலை அது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கோல்கீப்பர் இடது கம்பத்தைக் கையால் தட்டி இடம் பார்த்துக்கொண்டு யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எதிரே, கோலுக்கு முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்டிருக்கும் 'டி'யின் விளிம்பில் தாக்கும் அணியினர் தலையை ஒட்டவைத்துக் கிசுகிசுப்பார்கள். நேராக டிராக் ஃபிளிக்கா (பந்தை ஸ்டிக்கோடு இழுத்துக் கோலை நோக்கி வீசுவது), பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிடுவதா, பந்தைத் தள்ளியவருக்கே திருப்பிக் கொடுப்பதா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அப்புறம் கலைந்து போய் நிற்கும்போது ஒருவர் வேண்டுமென்றே தப்பான இடத்தில் நின்று எதிராளியின் கண்ணை இழுப்பார். பிறகு எல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். பந்து கோட்டிலிருந்து கிளம்பி, 'டி'க்கு வெளியே போய், நிறுத்தப்பட்டு, உள்ளே இழுக்கப்பட்டு, வீசப்படும்.

தாளம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த மூன்று அடி உடனே பிடிபடும். தள்ளுவது ஒன்று, நிறுத்துவது இரண்டு, வீசுவது மூன்று. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் மயிரிழை பிசகினால் மூன்றாவது அடியே விழாது. பந்து நிறுத்துபவரின் ஸ்டிக்கில் துள்ளினால் நமக்குக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். ஆனால் காதில் வேறொரு பாட்டின் தாளம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தால் இந்தத் தாளம் எங்கே போய் நிற்கும்? என் எரிச்சலுக்கு ஒரு பாதிக் காரணம் இங்கேதான் எனக்குக் கிடைத்தது. இரண்டு பாட்டை ஒரே நேரத்தில் போட்டுவிட்டு இரண்டையும் ரசி என்கிறார்கள்.

காதால் பார்த்த அப்பா

எங்கள் வீட்டில் ஹாக்கி ரேடியோ வழியாகத்தான் வந்தது. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றது. இந்திய ஆண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரே தடவைதான். ஜஸ்தேவ் சிங்கின் ஹிந்தி வர்ணனையை அப்பா பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஹிந்தியில் எண்களும் ஆட்டக்காரர்களின் பெயர்களும்தான் புரியும். 'குரல் மேலே போனா நம்ம பையன் டி கிட்ட போயிட்டான்னு அர்த்தம், சட்டுனு இறங்கினா பந்து பறிபோச்சுன்னு அர்த்தம்' என்பார். அசோக் குமார் அடித்த அந்த இரண்டாவது கோலை அவர் விவரித்துக் கேட்க வேண்டும், நேரில் பார்த்தவர்கூட அப்படிச் சொல்ல முடியாது. ஒரு ராக ஆலாபனையைக் கேட்கிற மாதிரிதான் அவர் அந்த ஆட்டத்தைக் கேட்டிருக்கிறார். வார்த்தை தேவைப்படவில்லை.

அப்பாவின் தலைமுறையில் ஹாக்கி பேச உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: புல்தரை போய் செயற்கைத் தரை வந்தது, நம்ம ஆட்டம் போச்சு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை விரித்தார்கள், இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. இந்தப் புலம்பலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், பாதி நியாயம் இருக்கிறது என்று விட்டுவிடுவேன். (மீதிப் பாதி, நமக்கு அந்தத் தரையை எல்லா ஊரிலும் போட ரொம்ப காலம் ஆனதில் இருக்கிறது.) எனக்கு அதில் வேறொன்று சுவாரசியம். தரையோடு சேர்ந்து ஆட்டத்தின் ஓசையும் மாறிவிட்டது. மல்பெரி மரத்தில் செய்த பழைய ஸ்டிக்கில் பந்து பட்டால் கொஞ்சம் கனமான ஓசை வரும். இப்போதைய கார்பன் ஃபைபர் ஸ்டிக்கில் சுருக்கென்று வெட்டினாற்போல் வருகிறது. தண்ணீர் தெளித்த தரையில் பந்து உருளும்போது சர்ரென்று ஒரு கீறல் ஓசை கூடவே வரும். இதெல்லாம் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. வேறு வாத்தியம், அவ்வளவுதான்.

கோலில் அடியில் இருக்கும் பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் போர்டு என்பார்கள். உயரம் 460 மில்லிமீட்டர். பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து அந்த உயரத்துக்கு மேலே போகக் கூடாது. போனால் கோல் இல்லை. டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எவ்வளவு உயரத்திலும் வீசலாம். அதனால் அடித்த பந்து போர்டில் மோதி 'டமார்' என்று அறிவித்துவிடும். உயரே போன ஃபிளிக் வலையில் போய் விழுந்தால் சத்தமே இருக்காது. அந்த டமாரைக் கேட்டு வளர்ந்த அப்பா, டிராக் ஃபிளிக் கோல்களைப் பார்த்து "விழுந்துச்சா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நல்ல கேள்விதான்.

யாருமில்லாத மைதானம்

2021 ஆகஸ்ட் 5. டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டம், ஜெர்மனியோடு. நமக்குக் காலை 7 மணி. அப்பாவுக்கு அப்போது காது மந்தமாகிவிட்டிருந்தது, டிவியை முழுச் சத்தத்தில் வைக்காவிட்டால் கோபம் வரும். கொரோனாவால் மைதானத்தில் பார்வையாளர்கள் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்து எனக்கு அதுவரை கிடைக்காத ஒன்றைக் கொடுத்தன. ஓர் ஒலிம்பிக் ஆட்டத்தின் உள்ளே என்னென்ன ஓசை இருக்கிறது என்பதை முழுசாகக் கேட்டேன்.

இரண்டாவது நிமிடமே ஜெர்மனி கோல் போட்டது. சிம்ரன்ஜித் சமன் செய்தார். அப்புறம் அடுத்தடுத்து இரண்டு வாங்கி 1-3 என்று கிடந்தோம். எழுந்து பல் தேய்க்கப் போகலாமா என்று நினைத்தபோது ஹர்திக், ஹர்மன்பிரீத் என்று இரண்டு கோல். இடைவேளைக்கு 3-3. மூன்றாவது கால் பகுதி தொடங்கியதுமே ரூபிந்தர் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று, சிம்ரன்ஜித் இன்னொன்று, 5-3. ஜெர்மனி ஒன்றைத் திருப்பிக் கொடுத்து 5-4. இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் குரலைப் பற்றி. அந்த மனிதர் 60 நிமிடமும் வாயை மூடவே இல்லை. பந்து எதிரணியின் கோல் பக்கம் இருக்கும்போதுகூட இங்கிருந்து யாரையோ இடது பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறார். வார்த்தை பிடிபடாது. குரல் ஏறும்போது ஆபத்து, இறங்கும்போது நிம்மதி. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசி 6 விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அந்தக் காத்திருப்பில் நான் கேட்டது கவசம் மாட்டும் சலசலப்பு, ஸ்ரீஜேஷின் குரல், யாரோ கை தட்டி உசுப்புவது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் யாராவது ஒரு பாட்டைப் போட்டிருந்தால், அது உலகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டாக இருந்திருந்தாலும், நான் டிவியை உடைத்திருப்பேன். பந்து வந்தது, ஸ்ரீஜேஷ் தடுத்தார், முடிந்தது. பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கியதற்குப் பிறகு 41 ஆண்டு கழித்து ஒரு பதக்கம். ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்பா கண்ணைத் திறந்து "என்னமா கத்துறான் பாரு, தொண்டை என்னத்துக்கு ஆகும்" என்றார். 41 வருஷம் காத்திருந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை அது.

பையன் கேட்ட கேள்விக்கு என் பதில் அன்று காலையே எனக்குக் கிடைத்துவிட்டிருக்கிறது. அவன் கேட்கும் வரைக்கும் அது பதில் என்று எனக்குத் தோன்றவில்லை.

சத்தமும் இரைச்சலும்

சத்தம் ஆகாத ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பிடித்த வாத்தியங்களிலேயே முதலில் நிற்பது நாகஸ்வரம். நான்கு தெரு தாண்டிக் கேட்க வேண்டும் என்றே செய்த வாத்தியம், கூடத் தவில் வேறு. காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தால் நான் ஃபேனை நிறுத்திவிடுவேன். வியர்த்துக்கொண்டே கேட்பேன். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1921-இல் பிறந்து 1964-இல், நாற்பத்துச் சொச்ச வயதில் போய்விட்டார். அவர் ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டு மேலே போய் ஓர் இடத்தில் நிறுத்துவார். சுருதிக்காக ஊதும் ஒத்து மட்டும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அடுத்தது எங்கே போகப் போகிறார் என்று நமக்கும் மூச்சு நிற்கும். அந்த நிறுத்தத்தில் யாரும் எதையும் இட்டு நிரப்ப மாட்டார்கள், தவில்காரர் உட்பட.

காருகுறிச்சியார் கடைசி வரை வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஹாக்கிக்குப் பெயர்போன ஊர் எது என்று கேட்டால் அதற்கும் கோவில்பட்டி என்றுதான் பதில். செயற்கைத் தரை மைதானம், விளையாட்டு விடுதி, அகில இந்தியப் போட்டி என்று தெருவெல்லாம் ஸ்டிக்கோடு பையன்கள் திரியும் ஊர். இந்தப் பொருத்தத்துக்குக் காரணகாரியம் எதுவும் கிடையாது. ஆனாலும் என் இரண்டு பைத்தியமும் ஒரே ஊரில் இருப்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அவள் ஒரே போடாகப் போட்டாள். "கெட்டிமேளம் மட்டும் என்னவாம்? தாலி கட்டும்போது ஒரு அபசகுனச் சத்தமும் காதுல விழக் கூடாதுன்னுதானே அடிக்கிறாங்க? அதுவும் மத்த சத்தத்தை அமுக்கத்தான். உனக்கு நாகஸ்வரம்னா ஒரு நியாயம், ஸ்பீக்கர்னா ஒரு நியாயமா?"

யோசிக்க வேண்டிய கேள்வி. ஆனால் யோசித்ததில் அது என் பக்கம்தான் பேசுகிறது. கெட்டிமேளம் எப்போது வருகிறது? புரோகிதர் கையை ஆட்டும்போது, முடிச்சு விழுகிற அந்த நொடியில். அதற்கு முன்னால் அரை மணி நேரமாக அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தால் தாலி கட்டியது யாருக்குத் தெரியும்? கோல் விழுந்ததும் பாட்டுப் போடட்டும், கூரை பறக்கட்டும், நானும் எழுந்து நிற்கிறேன். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, 45-ஆவது நிமிடத்திலேயே இரண்டு கோல் போட்டு, 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் அடித்த கோலில் 4-3 என்று ஜெயித்தோமே, அப்படியொரு ஆட்டம் முடிந்தபின் கூட்டம் மொத்தமும் தொண்டை கிழியப் பாடினால் அதற்கு நான் எதிரியா? டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நானும்தான் ஹாலில் நின்று பாடினேன். நடந்ததற்குப் பின்னால் வரும் பாட்டு வேறு. நடக்கப் போவதை மூடுகிற பாட்டு வேறு.

இந்த இரண்டாவது வகை மைதானத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் காத்திருக்கும் நேரம் முழுக்க ஒரு மெட்டு, லிஃப்டுக்குள் ஒரு மெட்டு. ஓட்டலில் எதிரே இருப்பவரோடு பேச முடியாத அளவுக்கு ஒரு பாட்டு. நின்றால் பாட்டு, காத்திருந்தால் பாட்டு. டவுன் பஸ்ஸில் டிரைவர் போடும் எண்பதுகளின் இளையராஜாவை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன். அங்கே பாட்டு எதையும் மறைப்பதில்லை, வெளியே ஓடும் ஊரோடு சேர்ந்து ஓடுகிறது. பாத்திரம் தேய்க்கும்போதும் நான் பாட்டுப் போடுவேன், பாத்திரத்தில் கேட்க ஒன்றுமில்லை. காத்திருப்பே ஆட்டத்தின் பாதியாக இருக்கிற இடத்தில் போய் காத்திருப்பை ஓட்டை என்று நினைத்து அடைப்பதுதான் பொறுக்கவில்லை. முன்பு 35 நிமிடம் வீதம் இரண்டு பாதியாக இருந்த ஆட்டத்தை 2014 முதல் 15 நிமிடம் வீதம் நான்காக வெட்டினார்கள். ஆட்டக்காரர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது, ஆட்டத்தின் வேகமும் கூடியது, அதை நான் வரவேற்கிறேன். கூடவே நிரப்புவதற்கு நிறைய இடைவெளிகளும் கிடைத்துவிட்டன.

பையனை அதற்கப்புறம் இன்னொரு ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். ஸ்பீக்கர் அங்கேயும் இருந்தது, கொஞ்சம் அடக்கமாக. பெனால்டி கார்னர் வந்ததும் அவன் காதில் சொல்லிக்கொடுத்தேன்: முதலில் ஓடப் போகிறவரைப் பார், வலது பக்கம் தனியாக நிற்கிறவரைப் பார், கீப்பர் கையைப் பார். அவன் ஆடாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். "மாமா, அந்த லெஃப்ட்ல நிக்கிறவன் டம்மி. ரைட்லதான் போகும்" என்றான். பந்து நேராக அந்த 'டம்மி'யிடம் போய் அங்கிருந்து கோலுக்குள் போனது. போர்டில் அடித்த டமாரை இருவரும் கேட்டோம். அடுத்த நொடி ஸ்பீக்கர் ஆரம்பித்தது, அவன் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

வரும் வழியில் என் திட்டத்தை அவனிடம் விவரித்தேன். என் கையில் ஒரு மைதானத்தைக் கொடுத்தால் அணிகள் உள்ளே வரும்போது நாகஸ்வரத்தில் ஒரு மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பார்களே, அதே கம்பீரநாட்டை ராகத்தில். பெனால்டி கார்னருக்கு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு கோல்கீப்பர் பக்கத்தில் ஒரு மைக், போர்டுக்குப் பின்னால் இன்னொரு மைக். கோல் விழுந்தால் கெட்டிமேளம், நடுவர்தான் கையை ஆட்ட வேண்டும்.

முழுசாகக் கேட்டுவிட்டு, "ஐடியா ஓகே மாமா, ஆனா டிக்கெட் ஃப்ரீயா இருந்தாதான் வருவேன்" என்றான்.